மணி அடிக்கும் வரை படிப்பு

பரீட்சைக் கவலை பள்ளிக்கூடத்தோடு தொலைந்தது என்று நிம்மதியாக இருக்கும் சகோதரிகள் பாக்கியசாலிகள். எங்கள் வீட்டில் அந்தக் கவலை, கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து வாசற்படி ஏறி வந்தது. பரீட்சைக்குப் படித்தவர் என் கணவர். கூடத்தில் ஒரு மூலையில் எங்கள் பெண் இரண்டாம் வாய்ப்பாட்டைக் கத்திக் கொண்டிருப்பாள். இன்னொரு மூலையில் அவள் அப்பா அரசியல் சட்டத்தின் ஷரத்துக்களை முணுமுணுத்துக் கொண்டிருப்பார். நடுவில் தோசைத் திருப்பியுடன் நான். இருவரில் யாருக்கு முதல் தோசை என்பதே சில நாள் பெரிய வழக்காகி விடும்.

என் கணவர் தீயணைப்புத் துறையில் தீயணைப்போர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நிலையத்தில் வேலை. நிலைய அலுவலராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாளைய ஆசை. வரிசைப்படி பதவி உயர்வு வரும் என்று காத்திருப்பது ஒரு வழி. பட்டதாரிகளுக்காகத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் நிலைய அலுவலர் தேர்வை எழுதுவது இன்னொரு வழி. தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்த அவர் இரண்டாவது வழியைப் பிடித்தார். வயது வரம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது நெருங்கிக் கொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அதற்கு மேல் கதவு சாத்தி விடும்.

எல்லா உத்தியோகஸ்தர்களும் பரீட்சைக்குப் படிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆபீஸ் குமாஸ்தா, "சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை படிப்பேன்" என்று சொன்னால், அந்த ஆறும் எட்டும் அவருக்குச் சொந்தம். தீயணைப்புக்காரருக்கு எந்த மணியும் சொந்தமில்லை, ஸ்டேஷன் மணியைத் தவிர! என் கணவருக்கு ஒரு நாள் முழுவதும் நிலையத்தில் இருப்பு, மறுநாள் வீடு. நிலையத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தால், திறந்த புத்தகம் திறந்தபடி கிடக்க, நிமிஷத்தில் வண்டி ஏறியாக வேண்டும். வீட்டில் இருக்கும் நாளிலோ ஆள்தான் வீட்டில் இருப்பார். கண் தூக்கத்தில் இருக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் பரிவோடு ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தார். காலை நாலு முதல் ஆறு வரை பொது அறிவு, மாலை ஏழு முதல் ஒன்பது வரை கணக்கு. வர்ணப் பென்சிலில் கோடு கிழித்து, பார்க்க வெகு அழகாக இருந்தது. சுவரில் ஒட்டினோம். முதல் நாள் காலை நாலு மணிக்குக் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் பசு விழுந்து விட்டது. மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு வைக்கோல் படப்பு ஒன்று பற்றிக் கொண்டது. ஐந்தாம் நாள் யார் வீட்டுச் சமையலறையிலோ பாம்பு. ஆறாம் நாள் அந்த அட்டவணையைப் பார்த்து என் மாமியார், "ஏத்தா, இந்தத் தாளு மாட்டுக்கும் பாம்புக்கும் தெரியுமா?" என்று கேட்டார். அன்றே அதைக் கழற்றி விட்டோம்.

"வேலை குறைவான மாசம் பார்த்துப் படிக்கலாமே" என்று சிலர் யோசனை சொன்னார்கள். எங்கள் பள்ளத்தாக்கை அறியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். மாசி, பங்குனியில் இரண்டு பக்கத்து மலையிலும் புல் காய்ந்து காட்டுத் தீ கிளம்பும். வனத்துறையோடு இவர்களும் ஓட வேண்டியிருக்கும். சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழா. எட்டு நாளும் அக்னிச் சட்டி எடுப்பவர்களும் ஆற்றில் குளிப்பவர்களும் ஆயிரமாயிரமாய் வருவார்கள், அங்கே காவல். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று இருக்கிறதே, அது அடுப்புப் பொறியைக்கூடப் படப்பு வரை கொண்டு போய்ச் சேர்க்கும். ஐப்பசியில் மழை, முல்லைப் பெரியாற்றில் வெள்ளம். கார்த்திகை பிறந்தால் தை வரை குமுளி மலைப் பாதையில் சபரிமலை வண்டிகள். இவை போக, விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக் கொண்டு மலையேறும் ஜீப்புகள் வருஷம் முழுவதும். இதில் எந்த மாசத்தை 'வேலை குறைவான மாசம்' என்று பொறுக்கி எடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே நேரத்தைப் பிடிக்கும் முயற்சியை விட்டு விட்டோம். அதற்குப் பதிலாகப் பாடத்தை வெட்டினோம்.

சமையலறையில் நமக்கு அளவுகள் இருக்கின்றன அல்லவா? சிட்டிகை, உழக்கு, படி. அதே பெயர்களைப் பாடத்துக்கும் வைத்தோம். பத்து நிமிஷத்தில் முடிவது சிட்டிகை. அரை மணியில் முடிவது உழக்கு. இரண்டு மணி நேரம் வேண்டுவது படி.

சிட்டிகைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள் உதவின. கெட்டி அட்டை, பின் பக்கம் வெறுமை. அதைச் சீட்டாக வெட்டி, மேல் பாதியில் கேள்வி, கீழ்ப் பாதியில் விடை எழுதி, நடுவில் மடித்து விடுவோம். சட்டைப் பையில் பத்துச் சீட்டு எப்போதும் இருக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐந்து, ரேஷன் கடை வரிசையில் ஐந்து. உழக்கு என்பது ஐந்து கணக்கு, அல்லது ஒரு சட்டத்தின் இரண்டு பக்கம். படி என்பது மாதிரி வினாத்தாள் ஒன்றை முழுதாக உட்கார்ந்து எழுதிப் பார்ப்பது. இது வீட்டில் இருக்கும் நாளில், அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு மட்டும்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், ஒவ்வொரு துண்டும் தன்னளவில் முடிந்து போக வேண்டும். ஒன்றைத் தொடங்கி நடுவில் மணி அடித்தால், வீணாவது அந்தச் சிட்டிகை மட்டுமே. முழுப் பாடமும் அல்ல. இன்னொன்று: எழுந்து ஓடுவதற்கு முன், அடுத்துச் செய்ய வேண்டியது எது என்று ஒரு சொல் குறித்து வைக்கப் பழகிக் கொண்டார். ஒரு கணக்கின் எண், ஒரு பக்கத்தின் எண், அவ்வளவுதான். திரும்பி வந்தவர், 'எங்கே விட்டோம்?' என்று முதல் பக்கத்திலிருந்து தேட வேண்டியதில்லை. மணி அடித்த பிறகு மட்டும் இந்தக் குறிப்புக்கும் இடமில்லை. புத்தகம் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குக்கூட அப்போது அனுமதி கிடையாது.

கணக்கு வைப்பது என் பொறுப்பு. பால் கணக்கு நோட்டின் பின் பக்கத்திலிருந்து இதற்கு ஒதுக்கினேன். வாரத்துக்கு நாற்பது சிட்டிகை, எட்டு உழக்கு, இரண்டு படி. கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 15 மணி நேரம் வரும். தினம் இவ்வளவு என்று எழுதவே மாட்டேன். தினக் கணக்கு வைத்தால் பாதி நாளில் பூஜ்யம் விழும். பூஜ்யத்தைப் பார்த்தால் மனசு உடையும். வாரக் கணக்கில் ஒரு நாள் விட்டதை இன்னொரு நாள் பிடித்துக் கொள்ளலாம். வாரம் முழுவதும் காட்டுத் தீயோடு போயிற்றா? அந்த வாரத்தைத் தள்ளுபடி செய்து விடுவேன். பாக்கியை அடுத்த வாரத் தலையில் ஏற்றினால் வட்டி மேல் வட்டியாகி, கடைசியில் ஆள் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுவார்.

"துண்டு துண்டாகப் படித்தால் மனசில் நிற்குமா?" என்று தலைமை ஆசிரியர் சந்தேகப்பட்டார். நிற்கும் என்று அறிஞர்களே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்று ஒருவர். அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக எழுதி வைத்துக் கொண்டு, தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்தார். 1885-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரே நாளில் 68 தடவை உருப்போட்டதால் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை படித்ததிலேயே அவருக்குக் கிடைத்து விட்டது. இடைவெளி விட்டுப் படிப்பது சோம்பேறித்தனம் அல்ல; சிக்கனம்!

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்து விட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தி விட்டார்கள். எங்கள் மடித்த சீட்டும் இந்த வேலையைத்தான் செய்தது. விடை மறைந்திருக்கிறதே! அதனால் நான் மாவாட்டும்போதும் காய் நறுக்கும்போதும் சீட்டைப் பிரித்துக் கேள்வி கேட்பேன். அவர் விடை சொல்வார். அவருக்கு முன்னால் சில சமயம் என் மாமியார் சொல்லி விடுவார்.

தேர்வாணையப் பரீட்சைக்குப் பொது அறிவும் கணக்கும்தான் பெரும் பகுதி. ஆனால் என் கணவர் தம் தொழிற் பாடத்தையும் விடாமல் சேர்த்துக் கொண்டார். எதற்கு இந்த வேண்டாத சுமை என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: "இப்ப அலுவலர் 'போ'ன்னா போறேன், 'நில்லு'ன்னா நிக்கிறேன். நாளைக்கு அந்தச் சொல்லை நான் சொல்லணும். தப்பாச் சொன்னா இன்னொருத்தன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான்."

அதற்குப் பிறகு நான் அந்தச் சீட்டுகளைச் சாதாரணமாகக் கையில் எடுத்ததில்லை. '1944, ஏப்ரல் 14' என்று ஒரு சீட்டு. பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் நின்ற கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிமருந்தும் ஒன்றாக இருந்தன. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் வெடியில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் வருஷந்தோறும் அந்தத் தேதியில் தீயணைப்புப் பணி வாரம் தொடங்குகிறது. '2004, ஜூலை 16' என்று ஒரு சீட்டு. கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகள். அந்தச் சீட்டை நான் கேட்பதே இல்லை. அவரும் அதைத் தாண்டி விடுவார்.

'சரிவில் தீ எந்தப் பக்கம் விரைவாகப் போகும்?' என்று ஒரு சீட்டு. விடை: மேல் நோக்கி. கீழே எரியும் தீயின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்து விடுகிறது. இந்த ஒரு வரி எங்கள் மாவட்டத்துக்கு வெறும் பாடமல்ல. 2018, மார்ச் 11-ந் தேதி, போடிக்கு மேலே குரங்கணி மலையில், மலையேறிவிட்டு இறங்கி வந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் பலர். இருட்டில் அந்த மலையிலிருந்து ஆட்களைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்ததை எங்கள் பக்கத்தில் இன்றும் பேசுவார்கள்.

எல்லாச் சீட்டும் இப்படி மனசைக் கனக்க வைப்பதில்லை. நீரின் அழுத்தம் பற்றிய பாடம் அவருக்கு வெகு நாள் பிடிபடவே இல்லை. ஒரு நாள் குமுளிக்குப் போகும் வழியில் லோயர் கேம்பைத் தாண்டும்போது, மலை உச்சியிலிருந்து மின்சார நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்தோம். பெரியாற்றுத் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் பாய்ந்து வந்து சக்கரங்களைச் சுழற்றுகிறது. "பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். அப்படின்னா அடியிலே எவ்வளவு இருக்கும், பாரு!" என்றார். அதற்கப்புறம் அந்தப் பாடம் மறக்கவில்லை. ஊரிலேயே பாடப் புத்தகம் நிற்கும்போது அதைப் படிக்காமல் விடுவானேன்?

எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது தூக்கத்தைப் பற்றித்தான். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. இரவு முழுவதும் ஒரு பஞ்சுக் கிடங்குத் தீயோடு போராடி விட்டு, காலையில் கரியும் புகை நாற்றமுமாக வந்து நின்றார். குளித்து விட்டு நேரே மேஜை முன்னால் உட்கார்ந்தார். கண் இரண்டும் கோவைப் பழம். அவர் வாசித்த வரியையே நாலு தடவை வாசிப்பதைப் பார்த்து மாமியார் போய்ப் புத்தகத்தைப் பிடுங்கி விட்டார். "ஏய்யா, தூங்காமப் படிச்சு ஆபீசராகி, தூக்கத்துலயா ஏணி ஏறப் போறே?" என்றார். இவருக்குக் கோபம். "இன்னும் மூணு வாரம்தான், ஆத்தா!" என்று கத்தினார். அன்று ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே படுத்துக் கொண்டார்.

கிழவி சொன்னதில் சாஸ்திரமும் இருக்கிறது. 1924-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் சோதித்துப் பார்த்து, படித்து விட்டு விழித்திருந்தவர்களை விடப் படித்து விட்டுத் தூங்கினவர்கள் குறைவாக மறந்தார்கள் என்று எழுதினார்கள். அன்று முதல் எங்கள் வீட்டில் சட்டம்: இரவு அழைப்புக்குப் போய் வந்தால் முதலில் தூக்கம், பிறகு சாப்பாடு, அதற்கப்புறம்தான் சீட்டு. நிலையத்திலும் அவர் தமக்கென்று ஒரு சட்டம் வைத்துக் கொண்டிருந்தார். காலைப் பயிற்சியும் கருவிகளைச் சரி பார்ப்பதும் முடியாமல் புத்தகத்தைத் தொடுவதில்லை. பாரா பார்க்கும் நேரத்தில் தொடுவதே இல்லை.

இத்தனை படிப்பின் முதல் பலன் பரீட்சைக்கு முன்பே கிடைத்து விட்டது. அது கிடைத்தது என் மாமியாருக்கு! பக்கத்து வீட்டில் ஒரு நாள் சமையல் காஸ் கசிந்து நாற்றம் எங்கள் கொல்லை வரை வந்தது. அந்த வீட்டு இளம் மருமகள் இருட்டில் விளக்கைப் போடக் கை நீட்டுகிறாள். மாமியார் ஜன்னல் வழியே போட்ட கூச்சல் தெரு முனை வரை கேட்டிருக்கும்: "சுவிட்சத் தொடாதே! காஸ் காத்தை விட கனம், தரையிலதான் கிடக்கும், கதவைத் திற!" அந்தப் பெண் கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி விட்டு, குழந்தையைத் தூக்கிக் கொண்டு வெளியே வந்து விட்டாள். வெளியே வந்த பிறகுதான் 1906-க்கு டெலிபோன் செய்தோம். காஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. தீயே பிடித்து விட்டால் 101. சகோதரிகள் இந்த இரண்டையும் அடுப்பங்கரைக்கு வெளியே ஒரு சுவரில் எழுதி வைத்துக் கொள்ளலாம். போட்டிருக்கும் விளக்கை அணைப்பதும் ஆபத்துத்தான். சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் பொறி பொறிதான்.

என் கணவர் பரீட்சை எழுதினார். எழுத்துத் தேர்வில் தேறி விட்டார். ஓட்டம், கயிறு ஏறுதல், நேர்முகம் என்று இன்னும் சில வாசல்கள் பாக்கி. எல்லாம் தாண்டினால் தாம்பரத்தில் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். தாண்டாவிட்டால் இன்னும் ஒரு தடவை இருக்கிறது. அதை நினைத்து நான் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளவில்லை. அந்த விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் சட்டமே இருக்கிறதே!

போன வாரம் அவரோடு வேலை பார்க்கும் ஒரு பையனின் மனைவி கைக்குழந்தையோடு வந்தாள். "அக்கா, எங்க வீட்டுக்காரரும் அடுத்த தடவை எழுதணும்ங்கிறாரு. எத்தனை மணிக்கு எழுப்பி விடணும்?" என்று கேட்டாள். "எழுப்பவே எழுப்பாதே, தாயீ. தானாக எழுந்ததும் இதில் ஒன்றைக் கேள்" என்று சொல்லி, பொது அறிவுச் சீட்டுக் கட்டைக் கொடுத்தேன். தொழிற் பாடக் கட்டை மட்டும் கொடுக்கவில்லை. அதை என் மாமியார் இன்னும் படித்து முடிக்கவில்லை.